கணக்கு வெளிவந்த பிறகு எழுதும் விமர்சனம்: மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரையில் ஒரு தரும றொக் இசையிரவு

தரும காரியத்துக்காக நடத்தப்படும் இசை நிகழ்ச்சியைப் பற்றி மறுநாளே எழுதிவிடுவது அரைகுறை வேலை என்பது என் எண்ணம். பாட்டு எப்படி இருந்தது என்பதை மறுநாள் சொல்லிவிடலாம். காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்வதற்குச் சில வாரங்களாவது வேண்டும். ஆகவே ஆடி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், பூரணைப் பறுவத்துக்கு முதல்நாள் மாலை, நானும் என் தம்பியும் போய்வந்த திறந்தவெளி றொக் இசையிரவைப் பற்றி ஆறு வாரம் கழித்து, ஏற்பாட்டாளர்களின் வரவு செலவு அறிக்கையைப் பார்த்த பின்னரே எழுத உட்காருகிறேன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் பத்தொன்பது வருடம் கணக்கெழுதியதால் வந்த குணம் என்று இதை வைத்துக்கொள்ளலாம். தம்பி கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டிப் பிழைப்பவன். எந்த மேடைக்கு முன்னால் நின்றாலும் அவனுடைய கண் முதலில் பெட்டிகளைத்தான் தேடும். இந்த விமர்சனத்தில் ஒலியைப் பற்றி வரும் நல்ல வார்த்தைகள் எல்லாம் அவனுடையவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிகழ்ச்சியின் நோக்கம், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் மாரி வெள்ளம் புகுந்த மூன்று சிறிய பாடசாலைகளுக்கு நூலக அலுமாரிகளும் மேசை கதிரைகளும் வாங்கிக் கொடுத்து, சேறு நிறைந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்குவது. நுழைவுச்சீட்டு மணலில் நிற்பவர்களுக்கு 1000 ரூபாய், முன்னால் கதிரையில் இருப்பவர்களுக்கு 2500 ரூபாய். நாங்கள் மணற் சீட்டையே வாங்கினோம். சீட்டில் தொடர் இலக்கம் இருந்தது, மாநகர சபையின் முத்திரை இருந்தது, கிழித்துக் கொடுத்தபோது அடித்துண்டு புத்தகத்திலேயே நின்றது. இவை மூன்றும் ஒருங்கே இருந்த தரும நிகழ்ச்சிச் சீட்டை நான் நெடுநாளாகப் பார்த்ததில்லை. வாசலில் இருந்த பிள்ளைகள் நான் அடித்துண்டை எட்டிப் பார்த்ததைக் கண்டு சற்று மிரண்டார்கள். தம்பி வெட்கப்பட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

இனி மேடை. கல்லடிக் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், கிழக்கே கடல், மேற்கே சவுக்கு மரங்கள், அதற்கும் அப்பால் வீடுகளும் வீதியும், பிறகு வாவி. ஏற்பாட்டாளர்கள் மேடையின் முதுகைக் கடலுக்குக் கொடுத்து, முகத்தை ஊருக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. பறுவத்துக்கு முதல்நாள் என்பதால் பொழுது படும் வேளையில் சந்திரன் கடலிலிருந்து எழுந்து பாடகர்களின் தலைக்குப் பின்னால் ஏறும். அந்தக் காட்சிக்காகவே மேடையின் பின்திரையை நடுவில் திறந்து விட்டிருந்தார்கள். காட்சி அழகாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் பாட்டைக் கேட்பதை விட்டுக் கைபேசியில் நிலாவைப் படம் பிடித்தார்கள் என்பதே அதற்குச் சான்று. ஆனால் ஆடி மாதம் மட்டக்களப்பில் என்ன காற்று அடிக்கும் என்பதை அந்தத் திட்டத்தைப் போட்டவர் மறந்துவிட்டார். கச்சான் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். மேடையிலிருந்து வந்த ஒலி அந்தக் காற்றுக்கு எதிரே நீந்தித்தான் எங்களிடம் வரவேண்டியிருந்தது.

காற்று ஒலியைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தம்பியின் விளக்கம் வேறு. ஒலி நொடிக்கு 350 மீற்றர் அளவில் ஓடுவது. கச்சான் எவ்வளவு பலமாக வீசினாலும் அந்த வேகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விஷயம் காற்றின் வேகம் மட்டத்துக்கு மட்டம் மாறுவதில் இருக்கிறது. மணலோடு உரசும் இடத்தில் காற்று மெதுவாகவும், மேலே போகப் போக விரைவாகவும் வீசும். அதற்கு எதிரே வரும் ஒலியின் மேற்பகுதி கீழ்ப்பகுதியை விடக் கூடுதலாகப் பின்தங்குவதால், ஒலி மெல்ல மெல்ல மேல்நோக்கி வளைந்து, பின்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. காற்றோடு சேர்ந்து போகும் ஒலிக்கு இது தலைகீழாக நடக்கும். அது கீழே வளைந்து தரையில் நிற்பவர்களின் காதுக்கு வரும். எங்கள் ஊரில் மேல்காற்றுக் காலத்தில் ஒரு பக்கத்துக் கோயில் மணி துல்லியமாகவும், அதே தூரத்தில் மறுபக்கத்தில் இருக்கும் தேவாலய மணி கேளாமலும் போவதற்கு இதுதான் காரணம் என்று அவன் சொன்னபோது, நாற்பது வருடமாகக் கேட்டுப் பழகிய ஒன்றுக்கு அன்றுதான் எனக்கு விளக்கம் கிடைத்தது.

நாங்கள் நின்ற இடம் மேடையிலிருந்து ஏறத்தாழ நூறு மீற்றர். அங்கே முதல் ஒரு மணி நேரமும் கேட்டது பேஸ் கிற்றாரும் கால் ட்ரம்மும் மட்டுமே. தாழ்ந்த ஒலிகளின் அலை மிக நீளமானது. நொடிக்கு 50 தடவை அதிரும் ஒலியின் ஒரே ஓர் அலை ஏழு மீற்றர் நீளம் வரும். அது தலைகளையும் கதிரைகளையும் சுற்றி வளைந்து எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். பாட்டின் சொற்களைத் தாங்கி வரும் உயர்ந்த ஒலிகளோ முன்வரிசை மனிதர்களிடமும் காற்றிடமும் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியோடு வானத்துக்குப் போய்விட்டன. அதோடு, தூரத்துக் குளக்கரையில் துணி துவைப்பவரின் கை மேலே போன பிறகு அடித்த சத்தம் வருவது போல, ட்ரம்ஸ்காரரின் தடி எழுந்த பிறகே அடி எங்கள் காதில் விழுந்தது. “அக்கா, பாட்டுக்காரன் வாயை மூடினதுக்குப் பிறகுதான் பாட்டு வருது, பாருங்க” என்றான் தம்பி. நூறு மீற்றருக்கு ஒலி எடுக்கும் நேரம் மூன்றில் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவு. கேட்கச் சிறிதாக இருந்தாலும் தாளத்தில் அது பெரிய பிசகு.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பார்வையாளர் கூட்டத்தின் நடுவே ஐம்பது மீற்றரில் இன்னொரு சோடிப் பெட்டிகளைக் கம்பத்தில் ஏற்றி, அவற்றுக்குப் போகும் ஒலியை ஏழில் ஒரு நொடி தாமதிக்கச் செய்தால், மேடையிலிருந்து வரும் ஒலியும் அந்தப் பெட்டியின் ஒலியும் பின்னால் இருப்பவரின் காதில் ஒன்றாக விழும். உலகத்தின் பெரிய திறந்தவெளி நிகழ்ச்சிகளில் எல்லாம் இதைத்தான் செய்கிறார்கள். தம்பி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கூத்து. வட்டக் களரியில் ஆடிய எங்கள் பாட்டன்மாரிடம் மின்சாரம் இருக்கவில்லை. ஆட்டக்காரன் களரியைச் சுற்றி வந்து நாற்புறமும் பாடுவான். அவன் பாடி முடித்த அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். பின்னால் பாய் விரித்து இருந்த கிழவிக்கும் சொல் தவறாமல் போய்ச் சேரும். தம்பி சொல்லும் அந்தத் தாமதப் பெட்டி வேறொன்றுமில்லை, மின்சாரத்தில் ஓடும் பிற்பாட்டுக்காரர்தான். விடியும் வரை வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்தையும் பார்த்துப் பழகிய ஊரில், ஆயிரம் ரூபாய் கொடுத்து வந்தவருக்குச் சொல் கேட்கவில்லை என்பது எனக்குச் சற்று அதிகமாகவே உறுத்தியது.

எட்டரை மணிக்குப் பிறகு காற்று தணிந்தது. நிகழ்ச்சியின் நல்ல பாதி அதன் பிறகுதான் தொடங்கியது என்பது ஏற்பாட்டாளர்களின் அதிர்ஷ்டம்.

மூன்று குழுக்கள் வந்திருந்தன. முதலில் வாசித்த பாடசாலை மாணவர்களைப் பற்றி, காற்றுக்குப் பலியானவர்கள் என்பதால், நியாயமாக எதுவும் சொல்ல முடியவில்லை. பேஸ் வாசித்த பிள்ளையின் கை மட்டும் நிதானமானது என்பதற்கு நானே சாட்சி, ஏனென்றால் அது ஒன்றுதான் கேட்டது. இரண்டாவதாகக் கொழும்பிலிருந்து வந்த குழு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பாடியது. அவர்கள் தேர்ந்த கலைஞர்கள். இரண்டாவது பாட்டில் பாடகியின் மைக் இறந்துபோனபோது கிற்றாரை நிறுத்தாமல் வாசித்து, கூட்டத்தைக் கைதட்ட வைத்துச் சமாளித்தார்கள். 1985 ஜூலை 13ஆம் திகதி எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்பிளி மைதானத்திலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த லைவ் எயிட் நிகழ்ச்சியில், பியானோவில் இருந்து பாடிய பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னிக்கே முதல் இரண்டு நிமிடமளவில் மைக் வேலை செய்யவில்லை என்பது தம்பியின் தொழிலில் உள்ளவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் கதை. அன்றும் அவன் அதைச் சொன்னான். கம்பியைச் சரிபார்க்காத ஒலிக்காரருக்கு அந்தக் கதை எத்தனை நாளைக்கு உதவும் என்று நான் கேட்டேன்.

மூன்றாவது குழுவுக்காகத்தான் இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதவே வேண்டும் என்று தோன்றியது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஐவர். இரண்டு கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், பாடகன். அவர்களோடு மேடையின் இடப்பக்கத்தில் ஒரு பாய் விரித்து, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஒருவரை மத்தளத்தோடும், இன்னொருவரைச் சல்லரி என்னும் கைத்தாளத்தோடும் இருத்தியிருந்தார்கள். அண்ணாவியார் மத்தளத்தின் வாரை இழுத்து, அதன் வலப்பக்க முகமான வலந்தலையைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தபோது, பாட்டு தொடங்கிவிட்டது என்று எண்ணி முன்னால் நின்ற இளைஞர்கள் விசிலடித்துக் கைதட்டினார்கள். அவர் தலையை உயர்த்திச் சிரித்தார். இதேபோல ஒன்று 1971 ஓகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க்கில் நடந்திருக்கிறது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த அகதிகளுக்காக சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் புகழ் ஜோர்ஜ் ஹரிசனும் நடத்திய அந்த இசை நிகழ்ச்சியில், சிதாரையும் சரோதையும் சுருதி சேர்த்து முடித்ததும் மண்டபம் முழுவதும் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ரவிசங்கர் மறுமொழி சொன்னார். எங்கள் அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாளக்கட்டை உருட்டிவிட்டார், கூட்டம் அடங்கிப்போயிற்று.

றொக் இசையில் ட்ரம்ஸின் அடி பெரும்பாலும் நான்கு நான்காக நடக்கும். கூத்தின் தாளக்கட்டு தன் போக்கில் ஓடித் தீர்மானம் என்னும் முடிப்பு அடியில் வந்து விழும். இரண்டையும் ஒட்டவைப்பதாகச் சொல்லி, பலர் மத்தளத்தை வெறும் அலங்காரமாக மேடையில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் அப்படிச் செய்யவில்லை. ட்ரம்ஸ்காரன் பல இடங்களில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். மத்தளம் தீர்மானம் போட்டு விட்ட இடத்திலிருந்து அவன் எடுத்துக்கொண்டு போனான். கிற்றாரின் இரைச்சலைக் கூட, மத்தளத்தின் இடந்தலை பேசும் நேரங்களில் குறைத்து வைத்தார்கள். கடைசிக்கு முந்திய பாட்டில் தாளத்தை ஆறெட்டுக்கு மாற்றி, போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த நம் ஊர்ப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்ட நடையில் வாசித்தபோது, அவர்கள் வாழும் டச்பார் பக்கத்திலிருந்து வந்திருந்த வயதான இணையொன்று கதிரையை விட்டு எழுந்து மணலில் ஆடியதைக் கண்டு, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் விலகி இடம் கொடுத்தார்கள். ஒலிபெருக்கி அனுமதி இரவு 10 மணி வரைக்கும்தான் என்பதால் இவர்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். பிரமுகர் உரைகளுக்குக் கொடுத்த ஐம்பது நிமிடத்தை இவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே எனக்கும் தம்பிக்கும் அன்று ஏற்பட்ட ஒரே முழு உடன்பாடு.

ஒரு குறையை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் கேட்கவில்லை என்று மேடைக்கு ஆள் போய்ச் சொன்னதும், ஒலிக்காரர் செய்தது எல்லாவற்றையும் கூட்டிவிட்டதுதான். பின்னால் இருந்த எங்களுக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. முன்னால் பெட்டிக்குப் பக்கத்தில் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள்தான் காதைப் பொத்தினார்கள். இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நியமத்தில், பதினைந்து நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், வருபவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அன்று அளவுக்கருவியும் இல்லை, காதடைப்பானும் இல்லை. தம்பி எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் பஞ்சு அடைப்பான்களில் இரண்டு சோடி, முன்பின் தெரியாத ஒரு தாயின் கைக்குப் போயிற்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெண்களுக்கு இரண்டே இரண்டு மலசலகூடங்கள், ஒன்றில் விளக்கில்லை. இறால் வடை சூடாக இருந்தது. விலை கொழும்புக் காலிமுகத்திடல் விலை. நிலக்கடலையான கச்சானைச் சுருளில் விற்ற அம்மாவிடம்தான் கூட்டம். கச்சான் காற்றில் நின்று கச்சான் கொறிப்பதைப் பற்றித் தம்பி அடித்த பகிடியை இங்கே எழுதி யாரையும் துன்புறுத்த விரும்பவில்லை. வெளியேறும் வாசல் ஒன்றே ஒன்று என்பதால் கடைசியில் நெரிசல். சக்கரக் கதிரையில் வந்த ஒருவரைத் தொண்டர்களான பிள்ளைகள் நால்வர் மணலில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். பிள்ளைகளின் மனம் பெரிது, ஆனால் இரண்டு பலகை விரித்திருந்தால் அவர் தன் பாட்டில் போயிருப்பார்.

குறைகளைச் சொன்னால் “தருமத்துக்குச் செய்கிற காரியத்தில் நொட்டை பிடிக்கலாமா” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அன்றும் பக்கத்தில் நின்ற ஒருவர் தம்பியிடம் அப்படித்தான் கேட்டார். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. ஆயிரம் ரூபாயை நேரே படுவான்கரைக்கு அனுப்பியிருக்கலாம். அதை விட்டு நிகழ்ச்சிக்கு வரச் சொன்னவர்கள் மேடை, ஒலி, மின்பிறப்பாக்கி, டீசல் என்று அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறார்கள். அந்தப் பங்கு சரியாகச் செலவானதா என்று கேட்கும் உரிமை சீட்டோடு சேர்த்தே விற்கப்பட்டதுதான். நான் மேலே சொன்ன 1971ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டு வசூலான சுமார் 243,000 டொலர் யுனிசெப்புக்கு உடனே போய்ச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டில் வந்த பெருந்தொகை அமெரிக்க வரித் திணைக்களத்தில் பல வருடங்கள் சிக்கிக் கிடந்தது. வரிவிலக்குப் பெற்ற தரும அமைப்பின் பெயரில் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவுசெய்யாததுதான் காரணம். அத்தனை பெரிய மனதுக்காரர்கள், ஒரு படிவத்தை உரிய நாளில் நிரப்பாமல் விட்டதால், பசித்த பிள்ளைகளுக்குப் போக வேண்டிய காசு கோப்பில் தூங்கியது. இதைப் படித்த நாளிலிருந்து தரும நிகழ்ச்சிகளில் நான் பாடகரை விடப் பொருளாளரைத்தான் உற்றுப் பார்க்கிறேன்.

இந்த நிகழ்ச்சியின் பொருளாளர் யார் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு வணக்கம். முப்பது நாளில் கணக்கு என்று வாசலில் எழுதிவைத்திருந்தார்கள். முப்பத்தெட்டாம் நாள் வந்தது. சீட்டு இலக்கங்கள் எதிலிருந்து எதுவரை விற்றன, எத்தனை இலவசமாகக் கொடுக்கப்பட்டன, உண்டியலை யார் முன்னிலையில் திறந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. மூன்று பாடசாலைக்கும் வாங்கிய அலுமாரிகளின் பற்றுச்சீட்டுப் பிரதிகளும் இணைத்திருந்தார்கள். எனக்கு நெருடியவை இரண்டு. “இதர செலவு” என்ற ஒற்றை வரி, மேடைச் செலவுக்கு அடுத்தபடியாகப் பெரிய தொகையைச் சுமந்துகொண்டு நின்றது. கணக்கெழுதுபவர்களுக்குத் தெரியும், அந்த வரி எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தூக்கம் நன்றாக வரும். மற்றது, கலைஞர்கள் சம்பளம் வாங்கவில்லை என்று மேடையில் அறிவித்தவர்கள், அந்த உழைப்பின் பெறுமதியைக் கணக்கில் எங்கும் காட்டவில்லை. இலவசமாக வந்ததை வரவிலும் செலவிலும் சம தொகையாக எழுதாவிட்டால், அடுத்த வருடம் இதே நிகழ்ச்சியை நடத்த வருபவருக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பது தெரியாமல் போகும்.

அடுத்த ஆடியிலும் நடத்தப்போகிறார்களாம். நான் போவேன். சீட்டு வாங்க நினைப்பவர்களை, காற்று தணியும் வரையாவது மேடையிலிருந்து நாற்பது மீற்றருக்குள், ஆனால் பெட்டிகளுக்கு நேர் முன்னால் இல்லாமல், நடுவில் ஒலிக்காரரின் மேசைக்குப் பக்கத்தில் நிற்கும்படி தம்பி சொல்கிறான், அவர் கேட்டுச் சரிசெய்வது அந்த இடத்துக்காகத்தான்.

அவன் அன்றிரவே சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறியிருந்தான். சவுக்கு மரங்களுக்கு முதுகு கொடுத்து, கடலைப் பார்க்கும் மேடை. கச்சானோடு சேர்ந்து ஒலியும் கூட்டத்தின் மேல் இறங்கிக் கடலுக்குப் போகும். ஊருக்குள் இரைச்சல் குறையும். ஐம்பது மீற்றரில் இரண்டு கம்பம். சந்திரனைப் பார்க்க விரும்புபவர்கள் திரும்பிப் பார்க்கட்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தான். கணக்கு அறிக்கை வந்த வாரம் அதை ஏற்பாட்டாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவன், அடுத்த முறை அந்த இரண்டு கம்பத்துக்கும் தன்னுடைய பெட்டிகளையே கொடுப்பதாகச் சொல்லிவிட்டானாம்.

“வாடகை?” என்று கேட்டேன்.

“தருமத்துக்குத்தானேக்கா. டீசல் காசு மட்டும் தந்தாக் காணும்.”

“சரி. மறுகா, உன்ர வாடகை எவ்வளவு என்று ஒரு பற்றுச்சீட்டு எழுதிக் குடு. வரவிலயும் செலவிலயும் போடச் சொல்லு.”

பற்றுச்சீட்டுப் புத்தகம் அவனிடம் இல்லை. என்னுடையதில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.